விற்றுப்போன எழுப்பு

உயிர் ஒன்றுக்கு அந்த ஸ்டுடியோவில் விலை நாலாயிரம். சாவதற்கு மூவாயிரம், பிழைத்து எழுவதற்கு ஆயிரம். நடிகரின் தினச் சம்பளத்தில் இது சேராது, தனிக் கணக்கு. பிணமாகப் படுத்தவர், காட்சி முடிந்ததும், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து உட்கார வேண்டும். லென்ஸை நேராகப் பார்த்து "நான் இருக்கேன்" என்று சொல்லிச் சிரிக்க வேண்டும். அதற்குப் பெயர் எழுப்பு. யாரும் பார்க்கப்போகும் ஷாட் இல்லை அது. எடிட்டிங் மேசைக்குப் போனதும் வெட்டி எறிந்துவிடுவார்கள். ஆனாலும் எடுக்காமல் விடுவதில்லை. கடவுளையே நம்பாத டைரக்டர்கள்கூட எழுப்பு எடுக்காமல் வண்டி ஏறியதில்லை. ஏன் என்று கேட்டால் "எதுக்கு வம்பு" என்பார்கள். அந்தத் தொழிலில் பாதி சாத்திரம் இந்த இரண்டு வார்த்தைதான்.

அங்கே நடித்துவந்த ஒருவரை ஊரே 'மாமனார்' என்று கூப்பிட்டது. சினிமாவில் முப்பத்திரண்டு படம் செய்தவர். ஆபரேஷன் அறைக் கதவைத் திறந்து தலையை ஆட்டும் டாக்டராக நாலு படம், கடன் கிடையாது என்று கையை விரிக்கும் பேங்க் மேனேஜராக ஆறு, வில்லன் கையால் சாகும் நல்லவராகப் பதினொன்று, மீதியில் கூட்டத்தோடு கூட்டம். செத்த பதினொன்றிலும் எழுந்து சிரித்தவர். அப்புறம் டிவி வந்தது. தினத்தொடர் ஒன்றில் மூன்று மருமகள்களைக் கட்டி மேய்க்கும் பெரியவராகப் பதினோரு வருடம் ஓடிவிட்டது. காய்கறிக் கடையில், "மாமனாருக்கு நல்ல தக்காளியாப் பாத்துப் போடுடா, சின்ன மருமக நேத்துதான் அழ வெச்சுட்டா" என்பார்கள்.

அதனால் அவர் மனைவி தானாகவே மாமியார் ஆனாள். பெற்ற பிள்ளை ஒன்றுகூட இல்லாமல் மாமனார் மாமியார் ஆன தம்பதி இவர்கள் மட்டுமாகத்தான் இருக்கும். "பிரசவச் செலவு மிச்சம்" என்பாள் மாமியார். சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனால் கொஞ்ச நேரம் வெளியே வரமாட்டாள்.

மாமியார் துணிக்கடைக்காரர் மகள். அளவுகோலுக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில் வளர்ந்தவள். எந்த விலையையும் பாதியில் தொடங்கி முக்காலில் முடிப்பாள். முடித்த பிறகு பை இலவசமா என்று கேட்பாள். கணவரின் சம்பளத்தை அவள்தான் பேசுவாள். ஃபோனை அவள் கையில் கொடுத்துவிட்டு மாமனார் பால்கனிக்குப் போய்த் தொட்டிச் செடியைப் பார்த்துக்கொண்டிருப்பார். வசனம் பேசுகிற வாயால் பேரம் பேச வராது என்பது அவர் கட்சி.

அந்த வருடம் நாளொன்றுக்கு ஐந்நூறு கூட்டிக் கேட்கலாம் என்றதும் அவள்தான். கேட்டார்கள். கதை இலாகாவில் யோசித்தார்கள். அடுத்த வாரமே தொடரில் பெரியவருக்கு நெஞ்சுவலி வந்தது. இது அங்கே சகஜம். சம்பளம் கேட்டவருக்கு நெஞ்சுவலி, லீவு கேட்டவருக்கு லாரி விபத்து, டைரக்டரை முறைத்தவருக்கு மறதி நோய்.

சாவு எடுத்த அன்று சாயங்காலம் ஐந்தரைக்கு மாமியாருக்கு ஃபோன் வந்தது.

"செத்து முடிச்சாச்சா?" என்றாள்.

"ஆச்சு. நல்லா வந்திருக்கு. மூத்த மருமக நிஜமாவே அழுதுட்டா. அவளுக்கும் அடுத்த மாசத்தோட கணக்கு முடியுதாம்." குரலைத் தணித்துக்கொண்டார். "மேனேஜர் ஒண்ணு சொல்றான். ஆறு மணி தாண்டினா நாப்பது பேருக்கு ஓவர்டைம் கொடுக்கணுமாம். எழுப்பை விட்டுட்டா, ஃபிளாஷ்பேக்னு சொல்லி அஞ்சு நாள் கால்ஷீட் போட்டுத் தர்றேங்கிறான்."

மாமியார் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நுரைக் கையோடு கணக்குப் போட்டாள். எழுப்புக்கு ஆயிரம். ஐந்து நாள் சம்பளம் இருபதாயிரம்.

"அஞ்சை ஆறாக்கச் சொல்லுங்க."

"விட்டுடலாங்கிறியா? நான் விட்டதே இல்ல."

"யார் பாக்கப்போற ஷாட் அது? ஆறுக்கு ஒத்துக்கிட்டா விட்டுட்டு வாங்க. வர்ற வழியில பால் வாங்கிக்குங்க."

ஒத்துக்கொண்டார்கள். அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதில், ஏழு கேட்டிருக்கலாமோ என்றுதான் அவளுக்கு உறுத்தியது, அவரிடம் சொல்லவும் சொன்னாள். வேறு எதுவும் உறுத்தவில்லை.

அன்று ராத்திரி மாமனார் கட்டிலில் படுத்தார், எழுந்தார். மறுபடி படுத்தார், எழுந்தார்.

"என்ன, மூட்டைப்பூச்சியா?"

"இல்ல. யாரோ படுத்திருக்கிற இடத்துல படுக்கிற மாதிரி இருக்கு."

"நான்தான் படுத்திருக்கேன், முப்பது வருஷமா."

"உன் பக்கம் இல்ல. என் பக்கம்."

நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். விடியும்போதும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் சாயங்காலம் ஃபோனில் பேங்க் செய்தி வந்தது: நாலாயிரம் வரவு. ஃபிளாஷ்பேக்குக்கு முன்பணம் என்று மாமியார் எடுத்துக்கொண்டாள். அதற்கடுத்த நாளும் நாலாயிரம். ஆறு நாளும் சொல்லிவைத்தாற்போல் வந்தது. ஷூட்டிங்குக்கு யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே கொடுக்கிறார்கள் என்றால் அதிலென்ன கசக்கிறது.

ஏழாம் நாளும் நாலாயிரம் வந்தது.

துணிக்கடையில் அவள் அப்பா ஒரு வழக்கம் வைத்திருந்தார். வாடிக்கைக்காரர் தவறி அதிகம் கொடுத்துவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது. அவராக எண்ணிப் பார்த்துத் திரும்பி வந்தால் சிரித்த முகமாகக் கொடுத்துவிட வேண்டும். மாமியாரும் வாயைத் திறக்கவில்லை. எட்டாம் நாளும் வந்தது. ஒன்பதாம் நாளும் வந்தது. இதற்கு நடுவே மாமனார் ஒரு கண்ணும் மூடவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரை அவரைத் தள்ளாட வைத்ததே தவிரத் தூங்க வைக்கவில்லை. பாயை விரித்துப் பார்த்தார், சோபாவில் சாய்ந்து பார்த்தார். முதுகு கீழே பட்டதும் யாரோ முழங்கையால் இடித்தது போல எழுந்துகொண்டார்.

பத்தாம் நாள் அவள் மேனேஜருக்கு ஃபோன் போட்டாள்.

"என்ன தம்பி, பணமெல்லாம் ஒழுங்கா வருது போல."

"ஏன் வராது? மனுஷன் ஒழுங்கா வர்றாரே."

"வர்றாரா?"

"எனக்கு முன்னாடி வந்து படுத்துடறார், மேடம். லைட் போடச் சொல்லிட்டு உள்ள வந்தா கட்டில்ல ரெடியா இருக்கார். டீ கேக்கறதில்ல, டிபன் கேக்கறதில்ல, சாயங்காலம் வண்டி கேக்கறதில்ல. இவரை மாதிரிப் பத்துப் பேர் இருந்தா நான் சொந்தமா ஸ்டுடியோ வெச்சுடுவேன். சேனல்ல சாவு வீட்டை இன்னும் இழுக்கச் சொல்லிட்டாங்க. மருமகளுங்க அழறது நல்லாப் போகுமாம்."

மாமியார் ஹாலை எட்டிப் பார்த்தாள். மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"சரி தம்பி" என்று வைத்துவிட்டாள்.

அவரிடம் சொல்லவில்லை. மேனேஜர் யாரையோ படுக்க வைத்து இவர் பெயரில் பில் எழுதுகிறான், அவனுக்கும் அதில் பங்கு இருக்கும் என்று தனக்குத் தானே ஒரு சமாதானம் தைத்துக்கொண்டாள். தையல் சரியில்லை என்று அவளுக்கே தெரிந்தது. இருந்தாலும் பணம் வந்துகொண்டிருந்தது.

பத்தொன்பதாம் நாள் மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவள் எதிரே உட்கார்ந்து, ரகசியம் சொல்வதுபோலச் சொன்னார்:

"எனக்கு அழற சத்தம் கேக்குது."

"யார் அழறது?"

"மூத்தவ, நடுவுள்ளவ, சின்னவ. மாத்தி மாத்தி. காலையில ஒன்பதுக்கு ஆரம்பிக்குது. மத்தியானம் ஒரு மணிக்கு நிக்குது. ரெண்டுக்கு மறுபடி."

ஒன்றிலிருந்து இரண்டு வரை ஸ்டுடியோவில் சாப்பாட்டு நேரம். மாமியார் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். மேனேஜரைக் கூப்பிட்டாள். நாளையோடு சாவு வீடு முடிகிறது, ராத்திரி செட்டைப் பிரித்துவிடுவோம், கட்டில் வாடகைக் கடைக்குத் திரும்பிப் போகும் என்றான் அவன்.

கட்டில் போனால் அதில் படுத்திருப்பது எங்கே போகும் என்று அவள் கேட்கவில்லை. மறுநாள் காலையில் பேங்கில் எழுபத்தாறாயிரத்தை எடுத்தாள். கணவரைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றினாள்.

கேட் வாட்ச்மேன் எழுந்து நின்றார். "மாமனார், நீங்க உள்ள இருக்கீங்கன்னு நினைச்சேன்."

"நானும் அப்படித்தான் கேள்விப்பட்டேன்" என்றார் மாமனார்.

உள்ளே பெரிய வீடு ஒன்றின் ஹால். மேலே எங்கும் போகாத மாடிப்படி. ஜன்னலுக்கு வெளியே வெயிலுக்குப் பதில் ட்யூப்லைட். நடுவில் ஒற்றைக் கட்டில், அதில் கழுத்துவரை வெள்ளைப் போர்வை. நடு மருமகள் கட்டில் காலைப் பிடித்து அழுதுகொண்டிருந்தாள். 'கட்' என்றதும் கண்ணைத் துடைத்து ஃபோனை எடுத்தாள்.

போர்வைக்கு வெளியே வலது பாதம் தெரிந்தது. குதிகாலில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. கல்யாணமான புதிதில், சூடான பெட்டியைத் தரையில் வைத்தவள் மாமியார்தான். முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இருந்தாலும் பார்த்தாள். அவர்தான். இருபது நாளைக்கு முந்தின அவர், ஒட்டாத கன்னத்தோடு. மூச்சு இல்லை. பக்கத்தில் நின்ற கணவர் பயத்தில் மூச்சை இழுத்துப் பிடித்தார். கட்டிலில் போர்வை மெல்ல மேலே ஏறி நின்றது. இவர் விட்டார். அது இறங்கியது.

சுற்றி முப்பது பேர் இருந்தார்கள். கட்டில் பக்கம் திரும்பியவர்கள் மாமனாரைப் பார்த்தார்கள். வாசல் பக்கம் திரும்பியவர்களும் மாமனாரைப் பார்த்தார்கள், வணக்கம்கூட வைத்தார்கள். இரண்டையும் கூட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. படப்பிடிப்பில் ஒருவரும் தன் வேலையைத் தாண்டி இன்னொன்றைப் பார்ப்பதில்லை. அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது.

மேக்கப் போடும் பெண் மட்டும் மாமியாரின் முழங்கையைத் தொட்டாள். கையில் பவுடர் ஸ்பாஞ்ச்.

"அக்கா, இவ்வளவு லைட்டுக்குக் கீழ யாருக்கும் வேர்க்கும். பத்தொன்பது நாளா தினமும் துடைக்கறேன். இது நனையவே இல்ல." அவள் மாமனாரின் நெற்றியை ஒருமுறை பார்த்தாள், கட்டிலைப் பார்க்காமல் நகர்ந்துவிட்டாள்.

மாமியார் மேனேஜரிடம் போனாள்.

"எழுப்பு எடுக்கணும், தம்பி."

"அதைத்தான் அன்னைக்கே எங்களுக்குக் கொடுத்துட்டீங்களே. வித்த சரக்கு, மேடம்."

"திருப்பி வாங்கிக்கறேன். எழுபத்தாறாயிரம், எண்ணிக் கொண்டுவந்திருக்கேன்."

"போன பணம் திரும்பி வந்தா ஆடிட்டர் என்னை உரிச்சிடுவார். வேலை செஞ்சவருக்குக் கூலி போயிருக்கு, முடிஞ்சுது."

"யார் செஞ்ச வேலை?"

மேனேஜர் கட்டிலைப் பார்த்தான். திரும்பி, தூணில் சாய்ந்து நின்ற மாமனாரைப் பார்த்தான். முகத்தில் ஏதோ ஒன்று கலைந்தது. சட்டென்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டான். கடிகாரம் அவனுக்குத் தெரிந்த விஷயம்.

"சாப்பாட்டுக்கு முன்னாடி பத்து நிமிஷம் தர்றேன். ஃபிளாஷ்பேக் ஆறு நாளும் ரத்து. இனிமே சம்பளம் கூட்டிக் கேக்க மாட்டோம்னு எழுதிக் கொடுங்க."

"செத்தவர் எதைக் கூட்டிக் கேக்கப்போறார்?"

"அடுத்த தொடர்ல தாத்தாவாப் போடுவோம்ல."

வாழ்க்கையில் முதல் முறையாக, எதிராளி சொன்ன விலைக்கே அவள் வாங்கினாள். பேனாவைக் கேட்டு, நின்றபடியே கையெழுத்துப் போட்டாள்.

டைரக்டர் இளைஞன். மானிட்டரிலிருந்து தலையைத் தூக்காமல், "அவர் எங்க படுப்பார்? கட்டில்ல இடமில்லையே" என்றான். சொன்ன பிறகு, தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே குழப்பம் வந்து காதைச் சொறிந்துகொண்டான்.

"இருக்கு. அது அவர் இடம்தான்" என்றாள் மாமியார்.

மாமனார் அவள் மணிக்கட்டை விடவில்லை. "போனா வருவேனா?"

"வரலைன்னா எழுப்பறேன். தினமும் நான்தானே எழுப்பறேன்."

"ஏழு கேட்டிருக்கலாம்னு அன்னைக்குச் சொன்னியே."

"அதை இப்ப ஏன் எடுக்கறீங்க? போய்ப் படுங்க."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றி, வீட்டில் செய்வதுபோல ஜோடியாகச் சேர்த்து வைத்தார். பின்பு காலைத் தூக்கி, முதுகைச் சாய்த்தார். மாமியாருக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. மூடவில்லை. துணி அளக்கும்போது கண்ணை மூடிப் பழக்கமில்லாத குடும்பம். குளிர்ந்த தண்ணீரில் இறங்குகிறவர்போல அவர் முகம் சுளித்தது. போர்வை ஒருமுறை அமுங்கியது. பிறகு கட்டிலில் ஒருவர்தான் இருந்தார்.

கீழே ஒரு ஜோடிச் செருப்பு.

"ரோலிங்" என்றார் கேமராமேன். டைரக்டர் 'ஆக்‌ஷன்' என்றான். கட்டிலில் அசைவில்லை. டைரக்டர் மறுபடி சொன்னான். சின்ன மருமகள் ஃபோனிலிருந்து தலையை நிமிர்த்தினாள். மேலே ஒரு விளக்கு சூட்டில் டக் டக்கென்று விட்டுவிட்டுச் சத்தம் போட்டது. மாமியார் எண்ணினாள். இருபது வரை எண்ணினாள், நாற்பது வரை எண்ணினாள். மேனேஜர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான்.

அவள் கேமராவுக்குப் பக்கத்தில் போய் நின்று, தினமும் சமையலறையிலிருந்து கொடுக்கும் அதே குரலில் சொன்னாள்:

"என்னங்க, மணி ஏழாச்சு."

எழுந்து உட்கார்ந்தார். லென்ஸை நேராகப் பார்த்தார். உதடு ஒட்டியிருந்தது, பிரித்துக்கொண்டு சொன்னார்: "நான் இருக்கேன்." சிரித்தார். அவ்வளவு அழகாக அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை.

மேக்கப் பெண் ஓடிவந்து நெற்றியைத் துடைத்தாள். ஸ்பாஞ்சை மாமியாரிடம் காட்டினாள். "நனைஞ்சிருக்கு, அக்கா."

இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தார்கள். சாப்பிடக்கூட நிற்கவில்லை. தன் பக்கத்தில் படுத்தார், முதுகு பதிந்தது, "அப்பாடி" என்றார். அடுத்த நிமிஷம் தூங்கிப்போனார். மாமியார் ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு, வெகுநாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

காலையில், "மணி ஏழாச்சு" என்றாள். எட்டு ஆச்சு என்றாள். மத்தியானம் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அடுத்த தெரு டாக்டர் வந்து நாடி, ரத்த அழுத்தம், கண் எல்லாம் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. "நல்லாத் தூங்கறார், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும் இதைத்தான் செய்வாங்க, நான் இங்கேயே டிரிப் போடறேன். இத்தனை நாள் பாக்கி இருக்குல்ல, தூங்கித் தீத்துட்டுத் தானா எழுந்திருப்பார்" என்று குளுக்கோஸ் பாட்டிலை ஜன்னல் கம்பியில் மாட்டினார்.

அவர் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார். மாமியார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்தப் பாக்கியைக் கணக்குப் போட்டாள். மனிதனுக்கு ஒரு நாளைக்கு ஒரு நாள்தான் கிடைக்கும். அவள் கணவர் இங்கே நாற்காலியில் ஒரு நாளும், அங்கே கட்டிலில் ஒரு நாளுமாக, ஒவ்வொன்றையும் இரண்டு முறை செலவழித்திருக்கிறார். அங்கே செலவானதற்குக் கூலியும் வாங்கியாகிவிட்டது. சரக்கு மட்டும் கொடுக்கவில்லை. அதைத்தான் இப்போது நாளொன்றாக எடுத்துக்கொள்கிறார்கள். யார் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் போய்ப் பேசியிருப்பாள்.

எழுபத்தாறாயிரத்தை உறையோடு அவர் தலையணைக்கடியில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. எடுத்து டாக்டருக்குக் கொடுத்தாள்.

தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டு டிவியில் தொடர் வந்தது. சாவு வீட்டை இப்போதுதான் ஒளிபரப்பினார்கள். மூத்தவள், நடுவுள்ளவள், சின்னவள் என்று மாற்றி மாற்றிச் சுவருக்கு அந்தப்பக்கம் அழுதார்கள். அழுகை தொடங்கும்போது மாமனாரின் இரண்டு கையும் தாமாக நகர்ந்து நெஞ்சின்மேல் ஒன்றின்மேல் ஒன்றாக அமரும். அவள் பிரித்துப் பக்கவாட்டில் வைப்பாள். மறுநாள் எட்டுக்கு மறுபடி ஏறிவிடும். காய்கறிக் கடைக்காரர், "மாமனார் போயிட்டாரே மாமியார், மனசே கேக்கல" என்று தக்காளியைக் கூடவே போட்டார். "அது டிவியில" என்றாள். பை இலவசமா என்று கேட்க மறந்துவிட்டாள்.

காலண்டர் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் கணக்கு எழுதி வந்தாள். அப்பா கற்றுக்கொடுத்த மாதிரி, இடப்பக்கம் வாங்கினது, வலப்பக்கம் தீர்ந்தது. கோடு போட்டு, கீழே மீதி. மீதியெல்லாம் தீர்ந்த பிறகு எழுந்து உட்காருவாரா, இல்லை தீர்வது என்பதே வேறொன்றா என்று அந்தக் கோட்டுக்குக் கீழே எழுத இடம் இல்லை. இன்று ராத்திரி சுவருக்கு அப்பால் அழுகை ஓய்ந்ததும் அவர் கையைப் பிரித்து வைத்தாள். ஒரு கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு மறு கையால் எழுதினாள்.

வாங்கினது பத்தொன்பது நாள். தீர்ந்தது பதினெட்டு. பாக்கி ஒன்று.